ஸர்வதோபத்ர பந்தத்தில் எண்ணிக்கையின் இடம்

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் எழுத்து மாறாது வரும் தொடரைத் தமிழிலக்கணம் மாலைமாற்று என்றும், வடமொழி அலங்கார நூல்கள் கதப்ரத்யாகதம் என்றும் வழங்கும். கட்டம் வரைந்து, அறைக்கு ஓர் எழுத்தாக நிரப்பி, அதனுள் எத்தனை மாலைமாற்றுகள் உள என்று எண்ணுவது இக்காலத்தில் கணினி பயில்வோர்க்கு ஒரு பயிற்சிக் கணக்கு. அவ்வாறு எண்ணுதற்கு வகுத்த கணக்கீட்டு நெறியை அல்காரிதம் என்பர். காவ்யம் கற்றவர் அக்கட்டத்தைக் கண்டவுடன் ஸர்வதோபத்ரத்தை நினைப்பது இயல்பு. ஆனால் அந்நினைவோடு இன்னொரு துணிபும் ஒட்டிக்கொண்டு வருகிறது: மாலைமாற்றுகள் எத்துணை மிகுதியோ அத்துணைக் கவியின் திறமும் மிகுதி, ஆகவே சித்ரகவிகளை எண்ணித் தரம் பிரித்துவிடலாம் என்பது. இத்துணிபு நிற்குமா என்பதே இங்கு விசாரம். இதற்குப் பாரவியின் கிராதார்ஜுநீயத்துப் 15ஆம் ஸர்க்கத்தின் 25ஆம் ச்லோகமும், மாகனின் சிசுபாலவதத்து 19ஆம் ஸர்க்கத்தின் 27ஆம் ச்லோகமும் போதிய ஸாக்ஷிகள். இரண்டும் ஸர்வதோபத்ரங்கள், இரண்டும் யுத்த வர்ணனையில் வருபவை.

முதலில் பந்தத்தின் அமைப்பு. அனுஷ்டுப் ச்லோகத்துக்குப் பாதம் ஒன்றுக்கு 8 அக்ஷரமாக 32 அக்ஷரங்கள். சதுரங்கப் பலகை போன்ற 64 அறைக் கட்டத்தில் மேல் நான்கு கிடைவரிகளில் நான்கு பாதங்களை முறையே எழுதி, கீழ் நான்கு வரிகளில் நாலாம் பாதம் தொடங்கி முதற்பாதம் ஈறாக அவற்றையே மீண்டும் எழுத வேண்டும். அங்ஙனம் எழுதினால் முதற்பாதம் முதல் கிடைவரியிலும் கடைசிக் கிடைவரியிலும் நிற்பதோடு, முதல் நெடுவரியிலும் கடைசி நெடுவரியிலும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நிற்கும். மற்றைப் பாதங்களும் அவ்வாறே. நான்கு மூலைகளுள் எதில் தொடங்கினாலும், கிடையாகச் சென்றாலும் நெடுக இறங்கினாலும், ச்லோகம் முழுதும் கிடைக்கும். ஆக எட்டு வகைப் படிப்பு. பாதிச் சுற்றில் திரும்பி வருவது அர்த்தப்ரமம், எல்லாப் பக்கமும் சுற்றி வருவது ஸர்வதோபத்ரம் என்று தண்டி காவ்யாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பகுத்தார். தமிழில் தண்டியலங்காரமும், நம்மாழ்வாரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு திருக்குருகைப்பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரமும் இதனைச் சருப்பதோபத்திரம் என்ற பெயரால் சொல்லணியில் வைத்தன. மல்லிநாதர் கண்டாபதத்திலும் ஸர்வங்கஷையிலும் இத்தகைய ச்லோகங்களுக்குப் பொருள் சொல்வதோடு உத்தாரமும் சொல்கிறார். உத்தாரமாவது, எழுத்துகளை அறைகளில் வைத்து எடுக்கும் முறை. அதுவும் ஒரு கணக்கீட்டு நெறியே. ஆனால் அது எண்ணுவதற்கு அன்று, படிப்பதற்கு ஏற்பட்டது.

இனி எண்ணும் நெறி. கணினி ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு நடு இடத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் இருபுறமும் ஒவ்வோர் எழுத்தாக விரிந்து சென்று, இரண்டும் ஒத்திருக்கும் வரை எண்ணும். ஒவ்வாத இடத்தில் நிற்கும். ஒரு முறை கண்ட ஒப்புமையை மறுபடி தேடாமல், தொடரின் நீளத்துக்கு நேர் விகிதமான உழைப்பில் இத்தகைய வேலையை முடிக்கும் வழியை 1975இல் கிளென் மனாக்கர் என்பவர் வெளியிட்டார். எட்டெழுத்து வரிக்கு அத்தனை சிக்கனம் வேண்டியதில்லை. விரல் விட்டே எண்ணலாம். ஸர்வதோபத்ரத்தின் ஒரு வரியில் நான்காம் ஐந்தாம் எழுத்துகளுக்கு இடையே நடுவைக் கொண்டால் இரண்டெழுத்து, நான்கெழுத்து, ஆறெழுத்து, எட்டெழுத்து என நான்கு மாலைமாற்றுகள் கட்டாயம் உண்டு. கிடைவரி 8, நெடுவரி 8, ஆக 64. இது கவி யாராயினும் மாறாத எண். அதற்கு மேல், ஒரே எழுத்து தற்செயலாகப் பக்கத்தில் வந்தால் சில கூடும்.

பாரவியின் ச்லோகத்தில் மூன்றாம் பாதம் ஒரே அக்ஷரத்தை அடுத்தடுத்து இரு முறை கொண்டு தொடங்கி, அவ்வாறே முடிகிறது. இதனால் அவ்வரிக்கு இரண்டு கூடுகின்றன. கட்டத்தில் அப்பாதம் நான்கு வரிகளில் நிற்பதால் 8 கூடி, மொத்தம் 72. மாகனின் ச்லோகத்தில் நாலாம் பாதத்தில் 'வா' என்பதன் இருபுறமும் 'த' நிற்பது இரண்டு இடங்களில் நேர்கிறது. அதனால் அங்கும் 8 கூடி, மொத்தம் 72. இரு மஹாகவிகளுக்கும் எண் ஒன்றே. தரம் பிரிக்க வந்த எண் இங்கே வாய் திறக்கவில்லை.

எண்ணுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. மேல் இடது மூலையில் புறப்பட்டு, வலப்புறமோ கீழ்ப்புறமோ மட்டும் நகர்ந்து, கீழ் வலது மூலையை அடையும் படிக்கட்டுப் பாதைகளுள் எத்தனை மாலைமாற்றாகும் என்பது அது. தொடக்கத்தில் ஒரு விரலும் முடிவில் ஒரு விரலும் வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் நடுவை நோக்கி நகர்த்தி, எழுத்து ஒத்த இடங்களை மட்டும் கணக்கில் வைத்துச் செல்லுதல் அதன் நெறி. 64 அறைக் கட்டத்தில் அத்தகைய பாதைகள் 3432. ஸர்வதோபத்ரம் எதுவாயினும், மேல் வலது மூலைக்கும் கீழ் இடது மூலைக்கும் இடையே ஓடும் மூலைவிட்டத்தில் கண்ணாடி வைத்தாற்போல் ஒத்திருப்பதால், குறைந்தது 128 பாதைகள் மாலைமாற்றாய் அமைந்தே தீரும். கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அப்பாதை ஒவ்வொன்றும் 15 அக்ஷரம் கொண்டது. 15 அக்ஷரப் பாதம் அனுஷ்டுப்பில் இல்லை. கோமூத்ரிகையில் வளைந்து படிப்பதும், முரஜபந்தத்தில் குறுக்கே படிப்பதும் லக்ஷணத்தில் சொல்லப்பட்டவை. படிக்கட்டுப் படிப்பு எந்த லக்ஷணத்திலும் இல்லை. கவி கருதாததும், வ்யாக்யாதா காணாததும், படித்தால் பொருள் தராததுமான 128 தொடர்களைக் கவியின் கணக்கில் வரவு வைப்பது முறையாகாது.

எண்ணிக்கையின் குறைபாடு மிக வெளிப்படையாகத் தெரியும் இடம் ஸ்ரீபாதுகா ஸஹஸ்ரம். அதன் 32 பத்ததிகளுள் 30ஆவது சித்ர பத்ததி. அதில் 40 ச்லோகங்கள். அவற்றுள் ஒன்றை ஸ்வாமி தேசிகன் 'யா' என்ற ஒரே அக்ஷரத்தால், 32 இடங்களிலும் அதனையே வைத்து அருளிச்செய்தார். இதனைக் கட்டத்தில் இட்டு மேற்சொன்ன நெறியால் எண்ணினால், எட்டு எழுத்தும் ஒன்றேயான ஒரு வரியில் 28 மாலைமாற்றுகள். 16 வரிகளுக்கு 448. பாரவி மாகர்களின் 72 இதன் முன் எம்மாத்திரம்! ஆனால் இந்த ச்லோகத்தில் ஆசார்யன் செய்த அரிய செயல் எழுத்தைத் திருப்பியதா என்னில், அன்று. ஒரே எழுத்தை 32 முறை எழுத எவராலும் ஆகும்; அது திரும்பவும் அப்படியே வருவதில் வியப்பில்லை. அரிய செயல் பதச்சேதத்தில் உள்ளது. 'யா' என்னும் தாதுவும், 'ஆய', 'அய' முதலான சொற்களும் ஸந்தியில் மறைந்து ஒன்றாய்க் கிடக்க, வ்யாக்யாதா அவற்றைப் பிரித்து அந்வயம் காட்டும்போது பாதுகையின் பெருமை வாக்யமாய் வெளிப்படுகிறது. கணினி பார்ப்பது ஸந்தி முடிந்த பின் நிற்கும் எழுத்தை மட்டுமே. அது மிக உயர்ந்த எண்ணைக் கொடுக்கும் இடத்திலேயே, கவித்வம் அந்த எண்ணைச் சாராமல் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாஹரணமும் காஞ்சிப் பக்கத்திலேயே உண்டு. விச்வகுணாதர்சம் இயற்றிய வேங்கடாத்வரி கவியின் ராகவயாதவீயம் 30 ச்லோகங்கள் கொண்டது. நேரே படித்தால் ஸ்ரீராம சரிதம். எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் க்ருஷ்ண சரிதம். திருப்பினால் வேறு ச்லோகம் வருவதால் இதில் எந்த ச்லோகமும் மாலைமாற்று அன்று. எண்ணும் நெறி இதன்மேல் சென்றால் தற்செயலான சில துணுக்குகளைத் தவிர ஒன்றும் கண்டெடுக்காது. ஆயினும் எழுத்தைத் திருப்புதல் என்னும் செயல் பொருளோடு மிக நெருங்கிக் கலந்திருப்பது இங்கேதான். ஒரு நெறி 'யா' ச்லோகத்துக்கு 448 கொடுத்து ராகவயாதவீயத்தை வெறுங்கையோடு அனுப்புமானால், அது அளப்பது வேறெதையோ.

எழுத்து என்பது யாது என்ற கேள்வியும் எண்ணுவதற்கு முன்பே தீர்க்க வேண்டியது. 'விகடகவி' என்ற சொல்லை மாலைமாற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சிறுவரும் அறிவர். வி, க, ட, க, வி என்று உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொண்டால் அது மாலைமாற்று. ஒலிகளாகப் பிரித்து வ், இ, க், அ எனத் திருப்பினால் அன்று. கணினியின் உள்ளே 'வி' என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாய் இருக்கும். குறியீடுகளை அப்படியே திருப்பினால் இகரக் குறி வகரத்துக்கு முன்னே வந்து சொல் சிதையும். இது எளிதில் திருத்தக்கூடியது. திருத்த எளிதல்லாத வேற்றுமை வடமொழிக்கும் தமிழுக்கும் இடையே உள்ளது. தமிழிலக்கணத்தில் புள்ளி பெற்ற மெய் தனி எழுத்து. மாலைமாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. வடமொழியில் மெய் தனித்து அக்ஷரமாகாது. பின்வரும் மெய்யோடும் உயிரோடும் சேர்ந்தே ஓரக்ஷரம். பாரவியின் இரண்டாம் பாதத்தின் நடுவில் 'ஸ்வ' என்ற கூட்டெழுத்து அடுத்தடுத்து இரு முறை நிற்கிறது. இதைத் தமிழ்க் கணக்கில் ஸ், வ, ஸ், வ என நான்காகக் கொண்டால் திருப்பும்போது வ, ஸ், வ, ஸ் ஆகும். பாரவியின் ஸர்வதோபத்ரம் ஸர்வதோபத்ரமே அன்று என்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடும். நாலாம் பாதத்துக்கும் இதே கதி. இவை தவிர, அனுஸ்வார விஸர்க்கங்கள் சித்ரத்தைக் கெடுப்பதில்லை, யமகம் முதலியவற்றில் பகர வகரங்களுக்கும் ரகர லகரங்களுக்கும் பேதம் கொள்வதில்லை என்று ஆலங்காரிகர்கள் ஒப்புக்கொண்ட ஸமயங்களும் உள்ளன. இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் கணினியை எண்ண விட்டால் அது தன் ஸமயத்தை எண்ணுமேயன்றிக் கவியின் ஸமயத்தை எண்ணாது.

அப்படியானால் கட்டத்தைக் கணக்கோடு அணுகுவதில் பயனே இல்லையோ என்னில், உண்டு. மாலைமாற்றுகளை எண்ணுவதை விட்டு, கவிக்கு எத்தனை எழுத்துகளில் ஸ்வாதந்த்ர்யம் மிஞ்சுகிறது என்று எண்ண வேண்டும். சாதாரண ச்லோகத்தில் 32 அக்ஷரங்களும் கவியின் விருப்பம். பாதம் ஒவ்வொன்றும் மாலைமாற்றாக வேண்டுமெனில் 16. அர்த்தப்ரமத்தில் 20. ஸர்வதோபத்ரத்திலோ ஒவ்வொரு பாதத்தின் முற்பாதியாகிய நான்கெழுத்துகளே மூலம். அந்த 16 அறைகளிலும் முதல் வரியின் இரண்டாம் எழுத்து இரண்டாம் வரியின் முதலெழுத்தாகவும், மூன்றாம் வரியின் நாலாமெழுத்து நாலாம் வரியின் மூன்றாமெழுத்தாகவும் இருந்தாக வேண்டும். ஆக மூலைவிட்டத்தில் 4, அதற்கு ஒரு பக்கத்தில் 6 எனப் பத்தே எழுத்துகள். இந்தப் பத்தைக் கொண்டு 32 இடங்களையும் நிரப்பி, வாக்யமும் அமைத்து, வ்ருத்தமும் கெடாமல் காக்க வேண்டும்.

வ்ருத்தம் கெடாமல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அனுஷ்டுப்பில் பத்யா என்னும் பொது வழக்குப்படி எல்லாப் பாதங்களிலும் ஐந்தாவது லகு, ஆறாவது குரு. ஏழாவது ஒற்றைப் பாதங்களில் குரு, இரட்டைப் பாதங்களில் லகு. பாதம் மாலைமாற்றானால் ஐந்தாவது எழுத்து நாலாவதே, ஆறாவது மூன்றாவதே, ஏழாவது இரண்டாவதே. இதனை மேற்சொன்ன ஆறு இணைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வரியிலுள்ள இரண்டு, மூன்று, நான்காம் எழுத்துகள் மற்ற வரிகளின் முதலெழுத்தாக வருகின்றன. பாதத்தின் முதலிலும் கடைசியிலும் நியமம் இல்லாமையால் அங்கே முரண் இல்லை. இரண்டாம் வரியின் மூன்றாமெழுத்து ஆறாமிடத்தில் குருவாக வேண்டும்; அதுவே மூன்றாம் வரியின் ஏழாமிடத்திலும் குருவாக வேண்டும்; ஒத்துப்போகிறது. இரண்டாம் வரியின் நாலாமெழுத்து லகு, நாலாம் வரியின் ஏழாமிடத்திலும் லகு, அதுவும் ஒத்துப்போகிறது. எஞ்சியது மூன்றாம் வரியின் நாலாமெழுத்து. அது தன் வரியில் ஐந்தாமிடத்தில் லகுவாக வேண்டும். நாலாம் வரியில் அதே எழுத்து ஆறாமிடத்தில் குருவாக வேண்டும். ஓரெழுத்து லகுவும் குருவுமாக இருக்க வேண்டிய இடம் இந்த ஓர் அறை. அர்த்தப்ரமத்திலும் மூன்றாம் பாதத்தின் ஐந்தாவதும் நாலாம் பாதத்தின் ஆறாவதும் ஒன்றாவதால் இதே முடிச்சு விழுகிறது.

இம்முடிச்சைப் பாரவி அவிழ்த்த விதம் ஒன்று. மாகன் அவிழ்த்த விதம் வேறு.

பாரவி அவ்வறையில் 'ப⁴' என்ற குறில் அக்ஷரத்தை வைத்தார். மூன்றாம் பாதத்தின் ஐந்தாமிடத்தில் அதற்குப் பின் தனி மெய்யோடு கூடிய 'ரே' வருகிறது, ஆகவே லகு. நாலாம் பாதத்தின் ஆறாமிடத்தில் அதற்குப் பின் 'ஸ்வ' வருகிறது. ஸம்யோகம் பரமானதால் அதே குறில் குருவாகிறது. பத்யா வழக்கு நான்கு பாதங்களிலும் சிறிதும் குலையவில்லை. அந்த 'ஸ்வ' அலங்காரத்துக்காக வந்ததன்று. வ்ருத்தத்தைத் தாங்குவதற்கு நிறுத்திய தூண். அதனை ஸ் என்றும் வ என்றும் பிரித்து எண்ணும் கணினி தள்ளிவிடுவது இந்தத் தூணைத்தான்.

மாகன் ஸம்யோகத்தைத் தொடவேயில்லை. அவர் ச்லோகத்தில் ஒரு கூட்டெழுத்தும் கிடையாது. அவ்வறையில் 'வா' என்ற நெடிலை வைத்தார். நாலாம் பாதத்துக்கு அது பொருந்தும். மூன்றாம் பாதத்தின் ஐந்தாமிடம் குருவாகிவிடுகிறது, பத்யா போய்விடுகிறது. ஒற்றைப் பாதங்களில் சந்தஶ் சாஸ்த்ரம் அனுமதிக்கும் விபுலைகளுள் ஒன்றை அவர் அடைய வேண்டும். எதை அடைவது? நகண விபுலையில் ஐந்தாவது மறுபடி லகுவே, அது உதவாது. பகண விபுலையில் குரு, லகு, லகு என வருதலால் ஏழாவது லகுவாகும். ஆனால் அந்த எழுத்தே இரண்டாம் பாதத்தின் ஆறாமிடத்தில் குருவாக நிற்க வேண்டியது. ஒரு முடிச்சு அவிழ இன்னொன்று விழும். மகணமும் ரகணமுமே எஞ்சும். மாகன் குரு, லகு, குரு எனும் ரகண விபுலையைக் கொண்டார். மூன்றாம் பாதத்துக்கு மட்டும் கொண்டிருந்தாலும் போதும், முதற்பாதத்துக்கும் கொண்டார். ஏன் என்னில், விடை கட்டத்தில் இருக்கிறது.

மாகனின் மூலமான 16 அறைகளையும் எழுத்தை மறந்து லகு குருவாக மட்டும் பார்க்க வேண்டும். முதல் வரி லகு, குரு, லகு, குரு. இரண்டாம் வரி குரு, லகு, குரு, லகு. மூன்றாம் வரி முதல் வரிபோல். நாலாம் வரி இரண்டாம் வரிபோல். சதுரங்கப் பலகையின் வெள்ளையும் கறுப்பும்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக, கிடையாகவும் நெடுகவும், லகுவும் குருவும் மாறிமாறி அமைந்துள்ளன. லகுக்கள் எல்லாம் அகரம், குருக்கள் எல்லாம் ஆகாரம். வேறு உயிர் ச்லோகம் முழுவதிலும் இல்லை. முதற்பாதத்தை பத்யாவில் விட்டிருந்தால் இந்தப் பலகை கிடைத்திராது. பாரவியின் அறையில் ஓரெழுத்தின் மாத்திரையை அறிய அண்டை எழுத்தைப் பார்க்க வேண்டும். மாகனின் அறையில் எந்த எழுத்துக்கும் அண்டை உதவி வேண்டியதில்லை. எல்லாத் திசையிலும் அதன் மாத்திரை அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாப் பக்கமும் பத்ரம் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் காண்பது அரிது. செவிக்குப் பழகிய நடையைப் பாரவி காத்தார் என்பது அவர் பக்கத்துப் பெருமை. விபுலையை ஏற்றதனால் மாகனின் ஒற்றைப் பாதங்கள் சற்றுக் கரடாக ஒலிப்பதும் உண்மை. எனினும் பந்தத்தின் உள்ளே புகுந்து அதன் இயல்பைப் பூரணமாக்கியவர் மாகனே. பாரவியின் 15ஆம் ஸர்க்கத்தோடு போட்டியிட்டே மாகனின் 19ஆம் ஸர்க்கம் எழுந்தது என்று ரஸிகர்கள் சொல்லி வருவதற்கு இந்த ஒரு கட்டமே போதிய சான்று. 72 என்ற எண் இருவருக்கும் பொது; இந்த வேற்றுமை அதில் துளியும் தெரியாது.

சித்ரமே அதமகாவ்யம், அதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்ற ஆக்ஷேபம் எழலாம். ஆனந்தவர்த்தனர் த்வந்யாலோகத்தில் சித்ரத்தைக் காவ்யத்தின் போலி என்றார். மம்மடர் கடைநிலையில் வைத்தார். ஆனால் அதே ஆனந்தவர்த்தனர் தேவீசதகத்தைச் சித்ரங்களால் நிரப்பினார்; மம்மடர் காவ்யப்ரகாசத்தின் ஒன்பதாம் உல்லாஸத்தில் ஸர்வதோபத்ரத்தையும் எடுத்துக் காட்டினார். மாகனோ அந்த ஸர்க்கத்திலேயே, ஸர்வதோபத்ரம், சக்ரம், கோமூத்ரிகை முதலிய ச்லோகங்களால் மஹாகாவ்யம் புகுதற்கரிதாவதுபோல் வ்யூஹங்களால் சேனை புகுதற்கரிதாயிற்று என்ற கருத்தை வைத்திருக்கிறார். வ்யூஹத்தில் நிற்கும் வீரன் நாற்புறமும் முகம் கொடுத்து நிற்பதுபோல அக்ஷரமும் நிற்க வேண்டும் என்பது அவர் கொண்ட ஸாத்ருச்யம். அந்த இடத்தில் அந்த பந்தம் வந்தது விளையாட்டுக்காக மட்டும் என்று சொல்வதற்கில்லை.

கணினியின் பொருமைக்கும் வேகத்துக்கும் ஏற்ற வேலை வேறொன்று உண்டு, அது பாடசோதனம். ஸர்வதோபத்ரத்தின் 32 இடங்களில், மூலைவிட்டத்துக்குப் புறம்பான ஆறு எழுத்துகளும் தலைக்கு நான்கு இடங்களில் வரும். மூலைவிட்டத்து நான்கெழுத்துகளும் தலைக்கு இரண்டு இடங்களில் வரும். ஓலையில் எழுதினவரோ அச்சில் கோத்தவரோ முதல் வகை எழுத்தை ஓரிடத்தில் தவறவிட்டால், மூன்று ஸாக்ஷிகள் ஒன்றுக்கு எதிராக நின்று சரியான பாடத்தைச் சொல்லிவிடும். இதற்கு மாலைமாற்றை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு வரிக்குள் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும். வரியை நெடுவரியோடு ஒத்துப் பார்த்தாலே மூன்றுக்கு ஒன்று ஆகும். மாலைமாற்று என்பதை அறிந்த ஒருவர் பிழையான எழுத்துக்கு ஒப்பாக அவ்வரியின் மறுபாதியையும் 'திருத்தி'யிருந்தால் இரண்டுக்கு இரண்டாகிவிடும். அப்போது மேற்சொன்ன லகு குரு நியமம் துணைக்கு வரலாம். கட்டத்தை 64 அறையாக விரித்த பிறகு சோதிப்பதில் பயனில்லை. விரிக்கும்போதே பிழையும் படியெடுக்கப்பட்டுவிடும். மூலமான 32 எழுத்திலேயே சோதிக்க வேண்டும்.

தமிழெழுத்தில் அச்சான ஸ்தோத்ர புஸ்தகங்களைக் கொண்டு பாராயணம் செய்வோர் பலர். அவற்றுள் சில வர்க்க எழுத்துகளுக்கு 2, 3, 4 என்று எண்ணிட்டு அச்சிடப்பட்டவை. சில எண்ணின்றி வெறும் க, ச, ட, த, ப என்று விட்டவை. எண்ணில்லாத புஸ்தகத்தைக் கணினிக்குக் கொடுத்தால் த வர்க்கத்தின் நான்கும் ஒன்றாகி, இல்லாத மாலைமாற்றுகள் முளைக்கும். அதைவிடக் கெடுதல், உள்ள பிழைகள் மறையும்: நான்கு இடங்களுள் ஒன்றில் வர்க்கம் மாறிப்போயிருந்தாலும் நான்கும் ஒன்றுபோல் தோன்றும், ஸாக்ஷிகள் நால்வரும் ஒரே குரலில் பொய் சொல்வார்கள். பாரவி, மாகன் ஆகியோரின் இவ்விரு ச்லோகங்களிலும் அவ்வாறு ஒன்றாகக் கலக்கும் எழுத்துகள் இல்லாதது நல்வாய்ப்பு. சித்ர பத்ததி போன்ற பகுதிகளை அவ்வாறு சோதிக்க முனைவோர் க்ரந்த லிபியிலோ தேவநாகரியிலோ உள்ள பாடத்தை முதலில் உள்ளிட வேண்டும்.

இனி மூலைவிட்டத்து எழுத்துகள். மாகனுக்கு ஸ, ய, ஹ, த. பாரவிக்கு தே, ஹி, ரே, வ்ய. இவை தம் பாதத்துக்குள் மட்டுமே இரட்டித்து வருவன. வேறு வரியில் இவற்றுக்கு ஸாக்ஷி இல்லை. இங்கே இரண்டு பாடம் தோன்றினால் கட்டம் இரண்டையும் ஏற்கும். இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருந்தால் வ்ருத்தமும் ஏற்கும். பதச்சேதம் செய்து, எது அந்வயிக்கிறது என்று மல்லிநாதரின் பதவுரையோடு வைத்துப் பார்ப்பது தவிர அவ்விடத்தில் வேறு வழி இல்லை.